பஸ்காவுக்கு விற்ற வாசல்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. பகல் முழுவதும் நல்ல வெயில் அடித்தும் காற்றில் குளிர் விட்டபாடில்லை. அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்துக் குன்றுகளில் மேப்பிள் மரங்கள் அப்போதுதான் செந்நிறத்தில் துளிர்த்திருந்தன.

மாலை ஆறு மணிக்கு எல்கா சோபெல்மன் ஜெபக்கூடத்தின் விருந்து அறையில் கடைசி முறையாக மேசைகளைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அன்று, முன்னோர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை யூதர்கள் நினைவுகூரும் பஸ்காவின் இரண்டாம் இரவு. முதல் இரவு விருந்தை அவரவர் வீட்டில் முடித்துவிடுவார்கள். இரண்டாம் இரவு சபையார் அனைவரும் ஒன்றாக உட்காருவது அந்த ஜெபக்கூடத்தின் வழக்கம். பத்தொன்பது ஆண்டுகளாக அதன் ஏற்பாடு முழுவதும் எல்காவின் கையில்தான் இருந்தது.

ஒவ்வொரு மேசையிலும் ஒரே மாதிரியான இரண்டு கூஜாக்கள் இருந்தன. சிவப்பு நூல் கட்டியதில் திராட்சை மது. வெள்ளை நூல் கட்டியதில் வெறும் திராட்சைச் சாறு. நான்கு கிண்ணம் அருந்துவது அந்த இரவின் கடமை. எதை அருந்துகிறோம், ஏன் அருந்துகிறோம் என்று யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாதபடி கூஜாக்களை ஒன்றுபோல் ஆக்கியவர் எல்கா. கோதுமை ஒவ்வாதவர்களுக்கு ஓட்ஸ் மாவில் சுட்ட புளிப்பில்லா அப்பம் தனித்தட்டில் இருந்தது. பார்வை மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்தில் அச்சிட்ட பஸ்கா வாசிப்பு நூல்கள். காது கேளாத தம்பதிக்குக் கைமொழி பெயர்ப்பவர் நிற்க, வெளிச்சம் விழும் ஓர் இடம். நூலில் “நான்கு புதல்வர்” என்றிருந்ததை “நான்கு பிள்ளைகள்” என்று மாற்றியபோது மூத்தவர்கள் இரண்டு ஆண்டுகள் முணுமுணுத்தார்கள். மூன்றாம் ஆண்டில் அவர்களே அப்படித்தான் வாசித்தார்கள்.

மேடையை ஒட்டிய மேசையில் மட்டும் ஒரு நாற்காலி குறைந்திருந்தது. அது மறதியன்று. அங்கே அமர வேண்டியவர் தம் நாற்காலியோடு வரவிருந்தார்.

எல்கா படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். 1953இல் அதே நகரத்தில், ரொட்டிக் கடை ஒன்றின் விநியோக வண்டியை ஓட்டியவருக்கு மகளாகப் பிறந்தார். பதின்மூன்று வயதானதும் தமையனை ஜெபக்கூடத்தில் வேதச் சுருளை வாசிக்க அழைத்தார்கள். நூறு பேருக்கு விருந்து நடந்தது. எல்காவுக்குப் பதின்மூன்று ஆனபோது அன்றைய வழக்கப்படி எந்த அழைப்பும் இல்லை. தமையனின் விருந்தில் மீன் தட்டு ஏந்தியதே அவருக்குக் கிடைத்த பங்கு. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. நாற்பத்தாறாம் வயதில், பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் கிடைக்கும் ஒன்பது ஒன்பது நிமிட ஓய்வுகளில், ஸ்டியரிங் மீது புத்தகத்தைச் சாய்த்து வைத்து எபிரேய எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு சபைமுன் நின்று வேதத்தை வாசித்தார். தமையன் புளோரிடாவிலிருந்து வந்து, அன்று மீன் தட்டு ஏந்தினார்.

ஆம், அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். முப்பத்தோர் ஆண்டுகள் ஓட்டினார். அவருடைய குணத்தை அறிய விரும்புவோருக்கு அந்நகரத்தார் இன்றும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வதுண்டு. சக்கர நாற்காலியை ஏற்றும் தூக்கிகளைப் பேருந்துகளில் பொருத்தத் தொடங்கிய காலம் அது. ஒரு பனிக்காலைப் பொழுதில், நிறுத்தத்தில் சக்கர நாற்காலியில் ஒரு முதியவர் காத்திருந்தார். அந்தத் தூக்கி கீழே இறங்கி மீண்டும் மேலே ஏற ஏழு நிமிடங்கள் ஆகும். பேருந்துக்குள் கூச்சல் எழுந்தது.

“ஏம்மா, எட்டு மணிக்கு நான் வேலையில இருக்கணும்!”

“அவரும்தான் இருக்கணும். ஒருவேளை உங்க முதலாளியே அவரா இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்றார் எல்கா.

முதியவர் சங்கடப்பட்டு, “நீங்க போங்கம்மா, நான் அடுத்த பஸ்ல வந்துக்கறேன்” என்றார்.

“அடுத்த பஸ்ஸையும் நான்தான் ஓட்டிட்டு வருவேன். அப்பவும் இதே பேச்சைத்தான் பேசணும். இப்பவே ஏறிடுங்க.”

இவ்வளவும் சொன்னவர் ஜெபக்கூடத்தின் முன்வாசலை எப்படிப் பார்த்துக்கொண்டு இருப்பார்? குன்றின் சரிவில் கட்டிய கட்டடம் அது; முன்புறம் பதினொரு கருங்கல் படிகள். சமையலறையின் பக்கவாசலுக்கு மூன்று படிகள்தாம், ஆனால் ஒடுங்கிய கதவு. ஜுடித் மார்கோலின் என்பவர் அந்தச் சபையிலேயே பிறந்து வளர்ந்தவர். மருத்துவ ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவர். எல்காவுக்குப் பன்னிரண்டு வயது இளையவரானாலும் நெருங்கிய தோழி. நரம்பு நோயால் அவர் சக்கர நாற்காலிக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவற்றில் இரண்டாம் ஆண்டு, புத்தாண்டுத் தொழுகையின்போது, நால்வர் சேர்ந்து நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். ஏழாம் படியில் ஒருவர் கால் இடறியது. விழவில்லை, ஆனால் ஜுடித்தின் பாவாடை விலகியதை வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

“என்னை சோபா மாதிரி தூக்கிட்டுப் போனாங்க எல்கா. இனிமே என் சக்கரத்துல நானே வந்தாத்தான் வருவேன். இல்லன்னா இந்த வாசல் எனக்கு வேண்டாம்” என்று சொன்னவர், அதன்பின் ஆறு ஆண்டுகள் ஜெபக்கூடத்துக்கு வரவில்லை.

அந்த ஆறு ஆண்டுகளும் எல்கா ஓயவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று சாய்தளம் வேண்டும் என்றார். முன்புறம் சரிவு அதிகம், கட்ட முடியாது என்றார்கள். பின்புறம் கட்டலாமே என்றார். பின்புறம் அழகாயிருக்காது என்றார்கள். “பதினோரு படி மட்டும் என்ன அழகி பட்டமா வாங்கிச்சு?” என்று கேட்டார். இறுதியில் பின்சந்திலிருந்து வளைந்தேறும் கான்கிரீட் சாய்தளம் ஒன்று எழுந்தது. அது சமையலறைக்குப் பின்னுள்ள சேமிப்பறையின் வெளிக்கதவில் போய்ச் சேர்ந்தது. அந்த அறையைக் கடந்தால் விருந்துக்கூடம். கட்டி முடித்து நகராட்சியின் ஒப்புதல் வந்தபோது பஸ்காவுக்கு நான்கே நாள்கள் எஞ்சியிருந்தன. எல்கா உடனே ஜுடித்தின் வீட்டுக்குப் போனார். விருந்தின் தொடக்கத்தில் ‘பசித்தோர் யாவரும் வந்து உண்ணுங்கள்’ என்று அழைக்கும் பகுதியையும், அதனுடன் சேர்த்துப் படிப்பதற்குத் தாமே புதிதாய் எழுதிய ஒரு ஜெபத்தையும் ஜுடித்தான் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

ஜுடித் ஜெபம் எழுதிய அட்டையை வாங்கிக்கொண்டு, “வரேன். ஆனா வாசல்ல யாராவது கை கொடுக்க வந்தாங்கன்னா திரும்பிடுவேன்” என்றார்.

“கதவை மட்டும் திறந்து வைக்கிறேன். அதுக்கு மேல ஒரு விரல் படாது” என்று எல்கா வாக்குக் கொடுத்தார்.

ஆறு இருபதுக்கு ஏதோ ஒரு தட்டல் கேட்டது. சமையலறையின் கோடியில், சுவருக்கு அப்பாலிருந்து யாரோ இரும்புக் கதவைத் தட்டுவது போன்ற ஓசை. எல்கா முகமலர்ச்சியோடு சேமிப்பறையின் உட்கதவை நோக்கி விரைந்தார். இரண்டடி தூரத்தில் அவருடைய கால் நின்றுவிட்டது.

கதவின் குறுக்கே மேலும் கீழும் நீல நாடா ஒட்டியிருந்தது. நடுவில் ஓர் அட்டை. “விற்கப்பட்டது. பஸ்கா முடியும்வரை திறவாதீர்.” கையெழுத்து அவருடையதே.

பஸ்காவின் எட்டு நாளும் புளித்த மாவுப்பண்டம் எதுவும் யூதர்களுக்குச் சொந்தமாக இருக்கக்கூடாது. எறிய மனம் வராதவற்றையெல்லாம் ஓர் அறையில் அடைத்து, வேற்று மதத்தார் ஒருவருக்கு முறையாக எழுத்து மூலம் விற்று, அந்த அறையையும் அவருக்கே வாடகைக்கு விட்டு, சாவியையும் கொடுத்துவிடுவார்கள். பண்டிகை முடிந்தபின் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இந்த ஜெபக்கூடத்தில் அந்த அறை எப்போதும் பின்பக்கச் சேமிப்பறைதான். சென்ற ஆண்டின் படிவத்தை எடுத்து, ஆண்டை மட்டும் மாற்றி, “சமையலறைக்குப் பின்னுள்ள அறை முழுவதும்” என்னும் வரியை அப்படியே விட்டு, சபைக் குருவான ரப்பியின் மேசையில் கையெழுத்துக்கு வைத்தவர் எல்கா. மக்ரோனிப் பெட்டிகளையும் மாவு மூட்டைகளையும் சீமைச் சாராயப் புட்டிகளையும் அதற்குள் அடுக்கியவரும் அவரே. ஒரு கையால் சாய்தளத்துக்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டே, மறு கையால் அது வந்து சேரும் அறையை விற்றுவிட்டார். சாய்தளம் வெளியே இருந்தது, அறை உள்ளே இருந்தது. இரண்டும் அவர் மனத்தில் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை.

எல்கா பக்கவாசல் வழியாக வெளியேறிப் பின்சந்துக்கு ஓடினார். சாய்தளத்தின் உச்சியில், பச்சைக் கம்பளிச் சால்வை போர்த்தி, மூடிய கதவை நோக்கி ஜுடித் அமர்ந்திருந்தார். மடியில் எல்காவின் ஜெபம் எழுதிய அட்டை இருந்தது.

“மொத தடவை தட்டினப்ப யாரும் கேக்கலன்னு நெனச்சேன். மூணாவது தடவை தட்டினப்ப நானே கேட்டுக்கிட்டேன், ஏன்டீ வந்தேன்னு” என்றார் ஜுடித்.

“ஜுடித், உள்ள புளிப்புப் பண்டம் இருக்கு. அறையை... அறையை வித்தாச்சு.”

“எதை?”

“இந்த அறையை. படிவத்துல சேர்ந்து போயிடுச்சு.”

ஜுடித் சிரித்துவிட்டார், அது மகிழ்ச்சிச் சிரிப்பன்று. “ஆறு வருஷம் கட்டினாங்க. நாலு நாள்ல வித்துட்டாங்க. சரி விடு. நான் வீட்டுக்குப் போறேன். நேத்து மிச்சம் சூப்பு இருக்கு.”

“பத்து நிமிஷம் குடு.”

“பஸ் ஓட்டினவ சொல்ற பத்து நிமிஷம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா? ஆறே முக்கால். அதுக்கு மேல ஒரு நிமிஷம் இந்தக் குளிர்ல நான் உக்கார மாட்டேன்.”

இதற்குள் செய்தி பரவிச் சபைத் தலைவர் மார்வின் ட்ரெயிஸ்மன் சமையலறைக்கு வந்துவிட்டார். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களோடு தனியாகப் பேசிப் பழகியதால், எங்கும் தாம் ஒருவரே பேசுவார். அவர் பின்னால் ரப்பி அவிவா கெஸ்லர் வந்தார். முப்பத்து நான்கு வயதுப் பெண். சபைக்குக் குருவாகப் பொறுப்பேற்று இரண்டாம் ஆண்டு.

“இதுல என்ன பிரமாதம்? நாலு பேரைக் கூப்பிடறேன். முன்வாசல் வழியா ஒரு நிமிஷத்துல தூக்கிடலாம்” என்றார் மார்வின்.

“இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னீங்கன்னா, உங்களைத் தூக்கி அந்தப் படியில வைக்கிறேன்” என்றார் எல்கா.

“சரி, சரி. அப்ப அந்த நாடாவைக் கிழிங்க. உங்க கொத்துல மாத்துச் சாவி இருக்குல்ல?”

இருந்தது. எல்காவின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தில் அது ஐந்தாவது. அவருடைய விரல்கள் அதைத் தேடிப் பற்றியும்விட்டன.

ரப்பி தாழ்ந்த குரலில் சொன்னார்: “அது இப்ப நம்ம அறை இல்ல, மார்வின். முடிதிருத்தகம் வச்சிருக்கற யாவ் ஒஃபொசுவோட அறை. அவரைக் கேக்காம நாம திறந்தா, வித்ததே பொய்னு ஆயிடும்.”

“அம்மா ரப்பி, அது ஒரு சடங்கு! நம்ம மக்ரோனியை வச்சிக்கிட்டு அந்த மனுஷன் என்ன, மாலையா கட்டிப் போட்டுக்கப் போறார்? எல்லாம் அந்தக் காகிதத்தால வந்த வினை. இந்தக் காலத்து ரப்பிங்க படிக்காமலே கையெழுத்துப் போடறாங்க.”

ரப்பியின் முகம் சிவந்தது. “நான் படிச்சுப் பாத்திருக்கணும். தப்புதான்” என்றார்.

எல்கா வாய் திறந்தார். அந்தத் தப்பு யாருடையது என்பதைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் வாய்த்திருக்காது. ஆனால் பத்தொன்பது ஆண்டுகள் ‘எல்கா எதையும் மறக்க மாட்டார்’ என்று பேரெடுத்த வாய் அது, திறந்தது, மூடிக்கொண்டது. மணி ஆறு இருபத்தேழு. சாவியை விட்டுவிட்டு அவர் ரப்பியிடம் கேட்டார்:

“அவர் அனுமதி குடுத்தா போகலாமா?”

“அவர் அறைக்கு அவர் அழைச்சா யார் வேணும்னாலும் போகலாம். பண்டங்களை மட்டும் கண்ணுல படாம மூடிடணும்.”

“வெள்ளை மேசைவிரிப்பு பதினாலு மிச்சம் இருக்கு. எடுத்து வைங்க. இன்னொண்ணு. ‘பசித்தோர் யாவரும் வாங்க’ங்கற அந்த வரியை, ஜுடித் உள்ள வர்றவரைக்கும் யாரும் வாயில எடுக்கக் கூடாது. மார்வின், உங்களைத்தான் சொல்றேன்.”

எழுபது வயதைக் கடந்த எல்கா, கவசத் துணியைக்கூட அவிழ்க்காமல் தெருவைக் கடந்தார்.

யாவ் ஒஃபொசு கானா நாட்டிலிருந்து வந்து குடியேறியவர். அவருடைய கடையில் அப்போது ஒருவர் தலையில் பாதி வெட்டி முடிந்திருந்தது. கண்ணாடியில் எல்காவைக் கண்டதும் யாவ் கத்தரியைத் தாழ்த்தினார்.

“என்ன ஆன்டி, பண்டிகையும் அதுவுமா? மக்ரோனியைத் திரும்பக் கேட்டு வந்தீங்களா? இன்னும் ஆறேழு நாள் இருக்கே!”

எல்கா நடந்ததை நான்கே வாக்கியங்களில் சொன்னார். யாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

“ஆறு வருஷமா அந்த அறை பஸ்காவுக்குப் பஸ்கா எனக்குச் சொந்தம். இதுவரைக்கும் ஒருத்தர்கூட என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல. மொத தடவையா இன்னிக்குத்தான், நான் ஒரு வீட்டுக்காரன்னு யாரோ மதிச்சு வந்திருக்கீங்க” என்றார்.

“அப்ப சாவியைக் குடுக்கறீங்களா?”

“சாவியைக் குடுக்கறதாவது! என் அறைக்கு விருந்தாளி வர்றாங்க. நான் வாசல்ல நிக்க வேண்டாமா?” நாட்காட்டிக்குக் கீழே ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். பாதித் தலையோடு நாற்காலியில் இருந்தவரிடம், “அண்ணே, கொஞ்சம் இருங்க. எகிப்துலேர்ந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்துடறேன்” என்றார்.

“மோசே மாதிரி நாப்பது வருஷம் ஆக்கிடாதீங்க” என்றார் அவர்.

யாவ் தம் கையாலேயே நாடாவை உரித்து, உட்கதவைத் திறந்தார். இரு பக்க அலமாரிகளிலும் பெட்டிகள் கூரைவரை நின்றன. ரப்பியும் சமையலறைப் பெண்கள் இருவரும் விரிப்புகளை விரித்துக் கட்டத் தொடங்கினார்கள். யாவ் ஒரு புட்டியைத் தொட்டுக் காட்டினார்.

“இந்த விஸ்கியும் என்னுதா?”

“அடுத்த செவ்வாய்க்கிழமை இருட்டற வரைக்கும் உங்களுதுதான்” என்றார் ரப்பி.

“நான் இதைக் குடிச்சுட்டா?”

“உங்க பொருளை நீங்க குடிக்கறீங்க. நாங்க யாரு கேக்க?”

“கவலைப்படாதீங்க, ஊழியக்காரம்மா. எங்க சபைல பாட்டுக்குழுத் தலைவர் நான்” என்று சொல்லிப் புட்டியை விரிப்புக்குப் பின்னால் தள்ளினார்.

மணி ஆறு நாற்பத்து மூன்று. வெளிக்கதவின் தாழ்ப்பாளை யாவ் விலக்கினார். வெளியே ஜுடித் நாற்காலியைத் திருப்பிவிட்டிருந்தார். முன்சக்கரம் சரிவின் விளிம்பில் நின்றது. கதவு திறந்த ஓசை கேட்டுத் தலையை மட்டும் திருப்பினார். வாசலில், முடித்துணுக்குகள் ஒட்டிய கருப்பு மேலங்கியோடு, அறிமுகமில்லாத ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கையில் ஒரு தம்ளர் தண்ணீர். அது எல்காவிடம் கேட்டு வாங்கியது.

“வாங்கம்மா. இது என் அறை. எங்க ஊர்ல வந்தவங்களுக்கு முதல்ல தண்ணி குடுப்போம். அப்புறம்தான் என்ன விஷயமா வந்தீங்கன்னு கேப்போம்.”

ஜுடித் எல்காவைப் பார்த்தார். எல்கா தம் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஜுடித் நாற்காலியை முழுதாகத் திருப்பி, தண்ணீரை வாங்கிக் குடித்து, தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

“இப்பக் கேளுங்க” என்றார்.

“என்ன விஷயமா வந்தீங்க?”

“பஸ்கா கொண்டாட வந்தேன். உங்க அறை வழியா போலாமா?”

“தாராளமா.”

அவர் நகர்ந்து வழிவிட்டார். ஜுடித்தின் கைகள் சக்கரங்களைப் பற்றித் தள்ளின. வாசற்படியின் சிறு மேட்டில் நாற்காலி ஒருமுறை தயங்கியது; எல்காவின் தோள்கள் அவரையறியாமல் முன்னோக்கி அசைந்தன; கைகள் அசையவில்லை. நாற்காலி ஏறியது. இருபுறமும் உயர்ந்து நின்ற வெள்ளை விரிப்புகளின் நடுவே ஜுடித் மெதுவாகப் போனார். பாதி வழியில் நின்று மேலே பார்த்தார்.

“மோசே கடலுக்குள்ள போனப்ப ரெண்டு பக்கமும் தண்ணி நின்னுதாம். எனக்கு மக்ரோனி” என்றார்.

முதலில் சிரித்தவர் யாவ். பிறகு ரப்பி. சமையலறைப் பெண்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூடத்தில் எண்பத்து மூன்று பேர் காத்திருந்தார்கள். ஜுடித் உள்ளே வந்தபோது யாரும் கைதட்டவில்லை. கைதட்டினால் அவர் திரும்பிப் போய்விடுவார் என்று எல்கா முன்னமே எச்சரித்திருந்தார். மேடையை ஒட்டிய மேசையில், நாற்காலி போடாத இடத்தில், அவர் தம் சக்கரங்களை நிறுத்தினார். சிறிது நேரத்தில் யாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். முழுதாய் வெட்டி முடிந்த தலையோடு அந்த வாடிக்கையாளரும் உடன் வந்திருந்தார். இருவருக்கும் தட்டு வைப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. எல்கா எப்போதும் ஆறு பேருக்கு மிகையாகவே சமைப்பார்.

புளிப்பில்லா அப்பத்தை உயர்த்திப் பிடித்து, பசித்தோர் யாவரையும் அழைக்கும் அந்தப் பழைய வரிகளை ஜுடித் வாசித்தார். பின்பு மடியிலிருந்த அட்டையை எடுத்து, எல்கா எழுதிய ஜெபத்தை வாசித்தார்:

“வாசல்களை உண்டாக்கினவரே, வருகிறவர் எந்த வழியாய் வந்தாலும் அந்த வழியை எங்களுக்குக் காட்டும். நாங்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்தோம். கதவின் எந்தப் பக்கம் குளிர் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நாங்கள் மறந்துபோகிற நாளில் எங்களைச் சும்மா விடாதேயும்.”

எண்பது பேர் ஆமேன் என்றார்கள். எல்காவின் உதடுகள் மட்டும் அசையவில்லை. குளிர்காலம் முழுவதும் சமையல் மேசையில் உட்கார்ந்து, ஒரு சொல்லை எழுதி ஒரு சொல்லை அடித்து எழுதிய ஜெபம் அது. பிறருக்கென்று எழுதியது வேறொருவர் வாயிலிருந்து தம்மை நோக்கித் திரும்பி வரும் என்று அவர் எண்ணியிருக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார். எதிர் மேசையில் மார்வின், தம் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து, “எல்லாம் ரப்பி பண்ணின குளறுபடி” என்று காதில் ஓதிக்கொண்டிருந்தார். ரப்பிக்கு அது கேட்டது. அவர் தம் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினார்.

சபையின் மிக இளைய பிள்ளை, ஆறு வயதுச் சிறுமி, நாற்காலிமேல் ஏறி நின்று வழக்கமான நான்கு கேள்விகளைப் பாடினாள். இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபட்டது என்னும் கேள்விகள். அவற்றுக்குப் பின் அந்தச் சபையில் மட்டும் இன்னொரு வழக்கம் உண்டு. அதை ஏற்படுத்தியவரும் எல்காவே. அன்று அங்கே அமர்ந்திருக்கும் எவரும், விருந்தினரானாலும் சரி, புதிதாக ஒரு கேள்வி கேட்கலாம். பதில் தெரிந்தவர் எழுந்து நின்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும், விளக்கம் கூடாது. அந்த விதி இல்லையென்றால் மார்வின் நாற்பது நிமிடம் பேசுவார்.

யாவ் கையை உயர்த்தி, அடிமை வாழ்வின் நினைவாகத் தட்டில் வைத்திருந்த கசப்புக் கீரையை உண்மையிலேயே எல்லாரும் தின்றாக வேண்டுமா என்று கேட்டார். ஆம் என்றார்கள். கூடம் சிரித்தது.

அடுத்துக் கையை உயர்த்தியவர் ஜுடித்.

“அரை மணி நேரமா இதே யோசனைதான். கோவத்துல கேக்கலை, தெரிஞ்சுக்கணும்னு கேக்கறேன். அந்த அறையைப் படிவத்துல எழுதி வித்தது யாரு?”

சிரிப்பு நின்றது. மார்வினின் பார்வை ரப்பியிடம் போயிற்று. அவரோடு பாதிக் கூடத்தின் பார்வையும் போயிற்று. ரப்பி தம் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, எழுவதற்காக நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

அவர் எழுமுன் எல்கா எழுந்து நின்றார்.

“நான்தான்.”